கணவருக்கு வலிக்காத இருக்கை எனக்கு மட்டும் ஏன் வலிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 43, உயரம் 155 செ.மீ. எட்டு மாதங்களுக்கு முன் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதிய கார் வாங்கினோம். அலுவலகத்துக்கு நானே ஓட்டிச் செல்கிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நாற்பது நிமிடம் ஆவதற்குள் கீழ்முதுகின் வலது பக்கம் பிடித்துக்கொள்கிறது. காரை விட்டு இறங்கியதும் நிமிர முடிவதில்லை. வலி சில நாள் பிட்டம் வரை பரவும். அதற்குக் கீழே போனதில்லை. விடுமுறை நாட்களில் வலியே இல்லை. பழைய காரில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. என் கணவர் 178 செ.மீ. உயரம், இதே காரை நாள் முழுக்க ஓட்டினாலும் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனால் எனக்கும் வலிப்பதில்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ஒரு டிஸ்க்கில் தேய்மானம் என்று இருக்கிறது. முதுகுக்குக் கனமான குஷன் ஒன்றும், உட்காரும் இடத்துக்கு ஜெல் மெத்தை ஒன்றும் வாங்கிப் போட்டேன். வலி கூடியதுதான் மிச்சம். இடுப்புப் பட்டை அணியலாமா? குறை என் முதுகிலா, இருக்கையிலா? காரை விற்றுவிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு மிகவும் உதவியது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனால் வலி இல்லை என்கிறீர்கள். பெரும்பாலான கார்களில் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே, நுரைமெத்தையும் ஒன்றே. அந்தப் பக்கம் இல்லாமல் இந்தப் பக்கம் மட்டும் இருப்பவை மூன்று பெடல்களும் ஒரு ஸ்டியரிங்கும். ஆகவே முதுகையும் இருக்கையையும் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால், பெடலை எட்டுவதற்காக உங்கள் உடல் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வேண்டும். நான் பிசியோதெரபிஸ்ட், வாகனம் ஓட்டுகிறவர்களின் முதுகைப் பார்ப்பதே என் வேலையில் பெரும்பகுதி. உயரம் குறைந்தவர்களிடம் இந்தக் கதையை அடிக்கடி கேட்கிறேன்.

முதலில் அந்த எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பற்றி. ‘தேய்மானம்’ என்ற சொல் எத்தனையோ பேரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. வலியில்லாத 40 வயதுக்காரர்களில் 68 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் தென்பட்டது. 20 வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காடு. நரை விழுவதுபோல வயதோடு வருவது அது. விடுமுறை நாட்களில் உங்களுக்கு வலி இல்லை. டிஸ்க்குக்கோ விடுமுறை கிடையாது. அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வலிக்கு அதையே முழுக் காரணமாக எண்ணிக்கொள்ளாதீர்கள்.

இனி பெடல். காரின் இருக்கையில் உட்காரும் பகுதி, முன்விளிம்பிலிருந்து முதுகுச் சாய்மானம் வரை, இவ்வளவு நீளம் என்று நிலையாக வார்க்கப்பட்டது. நீட்டிக் குறைக்கும் வசதி மிகச் சில கார்களில்தான் உண்டு. அது குட்டையாக இருந்தால் நெட்டையானவர்களின் தொடைக்குத் தாங்கல் போதாது. நீளமாக இருந்தால் குட்டையானவர்களின் முழங்கால் மடிப்பில் விளிம்பு இடிக்கும். இடிக்கும்போது யாரும் யோசித்து முடிவெடுப்பதில்லை, உடம்பே முன்னால் நகர்ந்துவிடுகிறது. இடுப்புக்கும் சாய்மானத்துக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. தோள் சாய்மானத்தில் இருக்க, இடுப்பு அதைத் தொடாமல் நிற்க, நடுவிலுள்ள கீழ்முதுகு வெளிப்பக்கமாக வளைந்து தொங்குகிறது.

இதோடு கிளட்ச்சும் சேர்கிறது. தொடையின் பின்புறத் தசைகள் இடுப்பெலும்பில் தொடங்கி முழங்காலைத் தாண்டி இறங்குகின்றன. உட்கார்ந்த நிலையில் காலை எட்டி நீட்டினால் அந்தத் தசைகள் விறைத்து இடுப்பெலும்பைப் பின்னோக்கி உருட்டும். கீழ்முதுகுக்கு இயல்பாக உள்ள உள்வளைவு அப்போது தட்டையாகிவிடும். 1953இல் கீகன் என்ற அமெரிக்க மருத்துவர் பல நிலைகளில் எக்ஸ்ரே எடுத்து, தொடைக்கும் உடலுக்கும் இடையிலான கோணம் குறையக் குறைய இந்த உள்வளைவு எப்படி அழிகிறது என்று காட்டினார். நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டினால் கிளட்ச்சை எத்தனை தடவை மிதிக்கிறோம் என்று எண்ணி மாளாது. ஒவ்வொரு மிதிக்கும் இடது இடுப்பு கொஞ்சம் முன்னே போய்த் திரும்புகிறது. வலி வலது பக்கமாக இருப்பதற்கு அந்த ஓயாத திருகலும் ஒரு காரணமாக இருக்கலாம். பழைய காரின் இருக்கை குட்டையாகவோ உயரமாகவோ இருந்திருக்கும், அல்லது கிளட்ச் இன்னும் அருகில் இருந்திருக்கும். நீங்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. வலிக்காததை யார் கவனிக்கிறார்கள்?

வாங்கிய இரண்டு மெத்தைகளையும் இன்றே எடுத்துவிடுங்கள். செலவழித்த பணத்தை நினைத்து அவற்றைத் தொடர்ந்து சுமக்க வேண்டாம். கனமான முதுகுக் குஷன் இடுப்பை மட்டும் முன்னே தள்ளுகிறது, மேல்முதுகு அந்தரத்தில் நிற்கிறது. தோளுக்குத் தாங்கல் போனதும் நாள் முழுக்கக் கழுத்தும் முதுகும் தாமே நிமிர்ந்து உழைக்க வேண்டியதாகிறது. தலைத்தாங்கிக்கும் பின்தலைக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் கழுத்துக்கு அது ஆபத்து. ஜெல் மெத்தை இன்னொரு வகை. கடையில் உட்கார்ந்து பார்க்கும் இரண்டு நிமிடத்துக்கு அது சுகம். ஓட்டும்போது அதன்மேல் இடுப்பு வழுக்கும், ஒரு பக்கமாகப் புதையும். பிரேக்கை அழுத்தும்போது உடல் முன்னால் நழுவினால் சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். மென்மையான இருக்கைதான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கை எப்படிப் பரவியதோ தெரியவில்லை. கொஞ்சம் இறுக்கமாக இருந்து, உடலைச் சமமாகத் தாங்கும் இருக்கைதான் இரண்டாவது மணி நேரத்திலும் துணை நிற்கும்.

இருக்கையைச் சரிசெய்வதில் வரிசை முக்கியம். ஏறியவுடன் கைக்கு எட்டும் நெம்புகோலைப் பிடித்துச் சாய்மானத்தை முன்னே பின்னே தள்ளுவதோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். அது மூன்றாவதாகச் செய்ய வேண்டியது. வண்டி நிற்கும்போது, அலுவலகத்துக்குப் போடும் அதே காலணியோடு, ஒரு பத்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் உயரம். உங்கள் காரில் இருக்கையை உயர்த்தும் வசதி இருந்தால், இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே வரும்வரை உயர்த்துங்கள். கூரைக்கும் தலைக்கும் நடுவே ஒரு கைப்பிடி இடம் மிஞ்சினால் போதும். உயரம் குறைந்தவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பாதி வேலையைச் செய்துவிடும்: தொடை கீழ்நோக்கிச் சரிவதால் இடுப்புக் கோணம் விரிகிறது, சாலையும் நன்றாகத் தெரிகிறது. உங்கள் கணவர் தமக்காகத் தாழ்த்திவைத்த உயரத்திலேயே நீங்களும் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒரே காரை இருவர் ஓட்டும் வீடுகளில் முன்னே பின்னே நகர்த்துவதை மட்டும் மாற்றிக்கொள்வார்கள், உயரத்தைத் தொடவே மாட்டார்கள்.

அடுத்து தூரம். பிட்டத்தைச் சாய்மானத்தின் அடிவரை தள்ளி உட்காருங்கள். இது விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை. அப்படியே இருந்து, கிளட்ச்சைத் தரைவரை அழுத்துங்கள். அடிவரை போனபிறகும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும்; இடுப்பு இருக்கையைவிட்டு அசையக் கூடாது. கால் நேராக விறைத்தால் இருக்கையை ஒரு படி முன்னே நகர்த்துங்கள். ஸ்டியரிங்குக்கு மிக அருகில் வந்துவிடுவோமோ என்று தோன்றும். அதை அடுத்து கவனிக்கலாம். பெடலின் மேல் மரக்கட்டையோ வேறெதுவுமோ கட்டி உயர்த்த வேண்டாம். பெடல் நீட்டிப்புகள் உண்டு, ஆனால் அவற்றை அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள்தான் பொருத்த வேண்டும்.

மூன்றாவதுதான் சாய்மானம். தொடைக்கும் உடலுக்கும் நடுவே 100 முதல் 110 பாகை இருந்தால் பலருக்கும் ஒத்துவரும். இதைவிட நிமிர்த்தினால் முதுகுத்தசை ஓயாது வேலை செய்யும். மிகவும் சாய்த்தால் கழுத்தை முன்னால் நீட்டியே சாலையைப் பார்க்க வேண்டியிருக்கும், இடுப்பும் முன்னே வழுக்கும். இரு தோள்களும் சாய்மானத்தில் பதிந்திருக்க, கையை நீட்டி ஸ்டியரிங்கின் உச்சியில் மணிக்கட்டு வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் சாய்மானத்தை ஒரு படி நிமிர்த்துங்கள், அல்லது ஸ்டியரிங்கை உங்கள் பக்கம் இழுக்கும் வசதி இருந்தால் இழுங்கள். நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே 25 செ.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். ஏர்பேக் விரியத் தேவைப்படும் இடம் அது. உயரம் குறைந்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் இழுபறி. கால் முன்னே வா என்கிறது, நெஞ்சு பின்னே போ என்கிறது. சாய்மானத்தை ஒரு படி சாய்ப்பது, ஸ்டியரிங்கைக் கீழே இறக்குவது, இருக்கையை உயர்த்துவது ஆகிய மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் வழி கண்டுபிடிக்க வேண்டும். அவசரப்படாதீர்கள்.

தலைத்தாங்கியின் உச்சி உங்கள் தலையின் உச்சிக்குச் சமமாக இருக்கட்டும். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை தொடையெலும்பு தொடங்கும் இடத்தில் இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும், வயிற்றின்மேல் கூடாது.

கண்ணாடியைக் கடைசியாகச் சரிசெய்யுங்கள். நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தபடியே உள்கண்ணாடியில் பின்சன்னல் முழுதும் தெரியும்படி வையுங்கள். அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் சன்னலின் மேல்விளிம்பு தெரியாமல் போனால், கண்ணாடியைத் தொடாதீர்கள். நகர்ந்தது நீங்கள்தான். செலவில்லாத காவலாளி அது.

இவ்வளவும் செய்தபிறகும் கீழ்முதுகுக்குப் பின்னால் கை நுழையும் இடைவெளி இருந்தால் மட்டும் தாங்கல் சேர்க்கலாம். காரில் லம்பார் சப்போர்ட், அதாவது சாய்மானத்துக்குள்ளேயே இருக்கும் கீழ்முதுகுத் தாங்கல், இருந்தால், முதலில் அதை முழுதும் உள்ளே தள்ளிவிட்டு, முதுகைத் தொடும் அளவுக்கு மட்டும் வெளியே கொண்டுவாருங்கள். முதுகைக் குத்தினால் அது அதிகம். இல்லையென்றால் ஒரு மெல்லிய துண்டை மடித்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே, சாய்மானத்துக்கும் உங்களுக்கும் நடுவில் செருகிக்கொள்ளுங்கள். துண்டில் இருக்கிற வசதி, மடிப்பைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது. எத்தனை மடிப்பு ஒத்துவருகிறது என்று தெரிந்தபிறகு, அதே கனத்தில் ஒரு குஷன் வாங்கினால் பணம் வீணாகாது.

இருக்கையைச் சரிசெய்தபிறகும் முழங்கால் மடிப்பில் விளிம்பு இடித்தால், நிலைமை வேறு. விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். அந்த இடைவெளி கிடைக்காதவர்களுக்கு, இடுப்பை மட்டும் தள்ளும் குஷன் உதவாது. இடுப்பிலிருந்து தோள்வரை ஒரே சீராக, 3 அல்லது 4 செ.மீ. கனத்தில் உள்ள இறுக்கமான முதுகு மெத்தை வேண்டும். அது முழு உடலையும் முன்னே கொண்டுவந்து, உட்காரும் பகுதியைக் குட்டையாக்கிவிடுகிறது. வாங்கும்முன் இரண்டைப் பாருங்கள்: தலைத்தாங்கி பின்தலையிலிருந்து வெகுதூரம் விலகக் கூடாது, உங்கள் இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் அதை மூடும் எந்த உறையும் கூடாது. இருக்கையின் ஓரத்தில் அதற்கான சிறு குறிச்சீட்டு தைக்கப்பட்டிருக்கும்.

மாற்றங்களை எல்லாம் ஒரே நாளில் செய்துவிட்டு மறுநாளே தீர்ப்பு எழுத வேண்டாம். இருக்கை அமைப்பை முதலில் சரிசெய்யுங்கள். அதோடு ஒரு வாரம் ஓட்டுங்கள். பிறகு துண்டு, அப்புறம் மெத்தை. வலி எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்பதை மட்டும் குறித்துவாருங்கள். வலி முற்றிலும் போய்விட்டதா என்று கேட்டால் எல்லோருக்கும் ‘இல்லை’ என்றுதான் தோன்றும். நாற்பதாவது நிமிடம் அறுபதாகியிருக்கிறதா என்று கேட்டால்தான் முன்னேற்றம் புலப்படும்.

உட்காருவதே முதுகுக்கு விஷம் என்று நீங்கள் படித்திருக்கலாம். அதன் பின்னணி சுவையானது. 1960களில் ஆல்ஃப் நாக்கெம்சன் என்ற சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் உயிருள்ள மனிதர்களின் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிடத் தாங்கலின்றி உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்றது அவரது அளவீடு. 1999இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் டிஸ்க்கில் புதிய கருவியைப் பொருத்தி அளந்தபோது, தளர்வாக உட்கார்ந்தால் நிற்பதைவிட அழுத்தம் சற்றுக் குறைவாகவே இருந்தது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் ஏறியது. ஆகவே நாற்காலியைப் பழிக்க வேண்டியதில்லை. வீட்டு நாற்காலியில் நாம் ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தடவை நமக்கே தெரியாமல் புரண்டு உட்காருகிறோம். ஓட்டும்போது கால் பெடலிலும் கை ஸ்டியரிங்கிலும் கண் சாலையிலும் கட்டுண்டு கிடக்கின்றன. பக்கத்து இருக்கையில் உங்களுக்கு வலிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால், சிவப்பு விளக்கில் நிற்கும்போது இடுப்பை ஒரு தடவை முன்னும் பின்னும் உருட்டுங்கள், தோளைச் சுழற்றுங்கள். நீண்ட பயணமென்றால் மணிக்கு ஒரு தடவையாவது நிறுத்தி இறங்கி, இரண்டு மூன்று நிமிடம் நடந்துவிட்டு, இடுப்பில் கைவைத்து மெதுவாக ஐந்தாறு தடவை பின்னால் சாயுங்கள். போய்ச் சேர்ந்த கையோடு டிக்கியைத் திறந்து பெட்டியைத் தூக்காதீர்கள். நெடுநேரம் வளைந்திருந்த முதுகின் தசைநார்கள் சற்று நீண்டு தளர்ந்திருக்கும். அவை பழைய நிலைக்கு வரச் சில நிமிடங்கள் வேண்டும். பயணம் முடிந்து பெட்டியைத் தூக்கும்போது ‘பிடித்துக்கொண்டது’ என்று வருகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

இறங்கும்போது ஒற்றைக் காலை வெளியே வைத்து உடம்பைத் திருகி எழ வேண்டாம். உடலோடு இரு கால்களையும் கதவுப் பக்கம் திருப்பி, இரண்டையும் தரையில் ஊன்றி எழுங்கள்.

வண்டியையும் ஒரு பார்வை பாருங்கள். உட்கார்ந்திருக்கும் மனித முதுகு நொடிக்கு 4 முதல் 6 தடவை வரும் மேல்கீழ் அதிர்வுக்குத்தான் மிக அதிகமாக ஆடும். கார் சாலையில் எழுப்பும் அதிர்விலும் இது உண்டு. டயரில் காற்று கூடுதலாக இருந்தாலும், ஷாக் அப்சார்பர் தளர்ந்திருந்தாலும் அதிர்வு நேராக இடுப்புக்கு வரும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்று இருக்கிறதா என்று சோதியுங்கள். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு அமுங்கி இருக்கை ஒருபக்கம் சாய்ந்திருக்கும். ஒரு நேரான பலகையைக் குறுக்கே வைத்தால் தெரிந்துவிடும். நுரையை மாற்றினால் போதும், மேலுறையை மாற்றிப் பயனில்லை.

இடுப்புப் பட்டை வேண்டாம். உட்கார்ந்து ஓட்டும்போது அது வயிற்றை இறுக்குமே தவிர பெடலை அருகில் கொண்டுவராது. தினமும் அரை மணி நடை, தொடைப் பின்தசைக்கு நிதானமான நீட்டுப் பயிற்சி, இரண்டும் போதும்.

உங்கள் கடிதத்தில் அபாய அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் சில மாற்றங்கள் தெரிந்தால் இருக்கையைத் திருகிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். வலி முழங்காலுக்குக் கீழே இறங்குவது, காலில் மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாத பலவீனம், படுத்தாலும் குறையாத இரவு வலி, காய்ச்சலோடு சேர்ந்த வலி, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை அவை. சிறுநீர், மலம் அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ போனாலும், தொடையிடுக்குப் பகுதி மரத்துப்போனாலும் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். அது காத்திருக்கக்கூடிய விஷயம் அல்ல.

காரை விற்பதைப் பற்றி: நான்கு வாரம் பொறுங்கள். வலி தொடங்கும் நிமிடம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால் கார் இருக்கட்டும். உயரத்தையும் தூரத்தையும் சரிசெய்து, முதுகு மெத்தையும் போட்டுப் பார்த்தபிறகும் முழங்கால் மடிப்பில் விளிம்பு இடித்துக்கொண்டே இருந்தால், அந்த இருக்கை உங்கள் காலுக்கு அமையவில்லை என்று பொருள், விற்பதில் தவறில்லை. அடுத்ததைத் தேடும்போது கிளட்ச் இல்லாத வண்டியையும் ஓட்டிப் பாருங்கள். இடது காலுக்கு வேலையே இல்லாமல் போகும். இருக்கையின் உயரமும் ஸ்டியரிங்கின் தூரமும் மாற்ற முடிகிறதா என்று முதலில் கேளுங்கள். விற்பனையாளர் ஐந்து நிமிடம் சுற்றிக் காட்டிவிட்டுச் சாவியை வாங்கப் பார்ப்பார். நீங்கள் முக்கால் மணி நேரம் கேளுங்கள். உங்கள் வலி நாற்பதாவது நிமிடத்தில் வருகிறது, ஐந்தாவது நிமிடத்தில் எல்லா இருக்கையும் நல்ல இருக்கைதான்.